பிளாஸ்மிட் கடத்தி: அதன் இலக்கணமும் பயனும்

பருத்தி விளைவிப்போர்க்கும், பருத்தி நூலை நெய்வோர்க்கும் விதையே முதற்பொருள். விதை பழுதாயின் செடி பழுது. செடி பழுதாயின் பஞ்சு பழுது. பஞ்சு பழுதாயின் நூலும் ஆடையும் பழுது. இந்தியாவில் பயிராகும் பருத்தியில் மிகப் பெரும்பகுதி இன்று பி.டி. பருத்தியாக இருக்கிறது. 2002ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்திய அரசாங்கம் அதனைப் பயிரிட அனுமதி வழங்கியது. அவ்விதையினுள், மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ஜீன் அடங்கியிருக்கிறது என்பதை அங்கத்தினர் பலரும் கேள்வியுற்றிருப்பர்.

பாக்டீரியா எங்கே, பருத்தி எங்கே? ஒன்றின் ஜீன் மற்றொன்றினுள் சென்றது எவ்வாறு? அதனைச் சுமந்து சென்ற வாகனம் யாது? இக்கேள்விகளுக்கு விடை அறியாதவரை, விதை விற்போர் கூறும் புகழுரையையும், வீதியில் உலவும் அச்சவுரையையும் ஒருங்கே நம்பும் நிலையிலேயே நாம் இருப்போம். கடன் பெற்று விதை வாங்கும் குடும்பத்திற்கு இவ்விரு நம்பிக்கையும் நஷ்டத்தையே தரும். ஆதலின், ஜீனைச் சுமக்கும் வாகனமாகிய பிளாஸ்மிட் கடத்தியைப் பற்றியும், அதற்கு இருக்க வேண்டிய இலக்கணங்களைப் பற்றியும் இங்கு முறையாக ஆராய்வோம்.

பிளாஸ்மிட் என்பது யாது?

உயிர்கள் எல்லாவற்றிலும் பரம்பரைக் குணங்களைத் தாங்கி நிற்கும் பொருள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையாகும். அது இரு புரிகள் முறுக்கிக் கொண்ட நூலைப் போன்றது. ஏ, டி, ஜி, சி என்று குறிக்கப்படும் நான்கு இரசாயன எழுத்துக்கள் அதில் ஜோடி ஜோடியாக அமைந்துள்ளன. அவ்வெழுத்துக்களின் வரிசையே ஒவ்வொரு குணத்திற்கும் உரிய கட்டளையாகும். ஒரு கட்டளை அடங்கிய பகுதியை ஜீன் என்கிறோம்.

மனிதர் குடலில் வாழும் ஈ. கோலி என்ற பாக்டீரியாவின் பிரதான டி.என்.ஏ. சுமார் 46 இலட்சம் எழுத்து ஜோடிகள் கொண்டது. இதனைத் தவிர, பல பாக்டீரியாக்களில் சிறு வளையங்களாகத் தனித்து நிற்கும் டி.என்.ஏ.வும் உண்டு. இவ்வளையங்களுக்குப் பிளாஸ்மிட் என்ற பெயரை 1952ஆம் ஆண்டில் வழங்கியவர் அமெரிக்க விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பெர்க் ஆவார். பாக்டீரியா உயிர் வாழ்வதற்குப் பிளாஸ்மிட் பெரும்பாலும் இன்றியமையாததன்று. ஆயினும் மருந்துகளை எதிர்க்கும் ஆற்றல் போன்ற சில சிறப்புக் குணங்களை அது அளிக்கிறது.

இத்தகைய வளையத்தை ஓரிடத்தில் வெட்டி, அதனுள் வேறோர் உயிரின் ஜீனைப் பிணைத்து, மீண்டும் பாக்டீரியாவுக்குள் செலுத்தினால், பாக்டீரியா பெருகுந்தோறும் அந்த ஜீனும் பெருகும். இதுவே ஜீன் குளோனிங். சாதகமான நிலையில் ஈ. கோலி இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அந்த வேகம் ஏழு மணி நேரம் நீடித்தால் ஒன்று இருபது இலட்சத்திற்கு மேலாகும். 1973இல் ஸ்டான்லி கோஹென், ஹெர்பர்ட் போயர் ஆகியோரும் அவர்தம் துணைவர்களும் பி.எஸ்.சி.101 என்ற பிளாஸ்மிட்டைக் கொண்டு இம்முறையைச் செய்து காட்டினர்.

இயற்கையில் கிடைக்கும் பிளாஸ்மிட் எதுவும் அப்படியே நல்ல கடத்தியாகிவிடாது. காட்டு மரத்தைச் செதுக்கித் தறிக்கட்டை ஆக்குவது போல, அதனைத் திருத்தி அமைக்க வேண்டும். அவ்வாறு திருத்தப்பட்டவற்றுள் புகழ் பெற்றது பி.பி.ஆர்.322 என்பதாகும். 1977இல், ஸான் பிரான்ஸிஸ்கோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், போயரின் ஆய்வுக்கூடத்தில் இது உருவாயிற்று. முதல் 'பி' பிளாஸ்மிட்டையும், அடுத்த 'பி' பொலிவார் என்பாரையும், 'ஆர்' ரொட்ரிகஸ் என்பாரையும் குறிக்கும். இதன் நீளம் 4,361 எழுத்து ஜோடிகள். கடத்தியின் இலக்கணங்களை இதனையே எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம்.

முதல் இலக்கணம்: தானே பெருகும் ஆற்றல்

கடத்திக்கு முதலில் வேண்டுவது பெருக்கத் தொடக்க இடம். வளையத்தில் குறிப்பிட்ட ஓர் எழுத்து வரிசை இருக்கிறது. பாக்டீரியாவின் நொதிகள் அங்கே வந்து அமர்ந்துதான் வளையத்தைப் படியெடுக்கத் தொடங்கும். அவ்விடம் இல்லாத டி.என்.ஏ. துண்டு பாக்டீரியாவினுள் புகுந்தாலும் பெருகாது. செல்கள் பிரியப் பிரிய அது மறைந்து போகும்.

ஒரு செல்லில் எத்தனை வளையங்கள் இருக்கும் என்பதையும் இத்தொடக்க இடமே பெரிதும் தீர்மானிக்கிறது. பி.எஸ்.சி.101 ஒரு செல்லில் சுமார் ஐந்து படிகளே இருக்கும். பி.பி.ஆர்.322 பதினைந்து முதல் இருபது வரை இருக்கும். பிற்காலத்தில் வந்த பி.யு.சி. வகையோ ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளாகப் பெருகும். தொடக்கப் பகுதியில் ஓர் எழுத்து மாறியதும், பெருக்கத்தை அடக்கி வைக்கும் ஒரு ஜீன் நீக்கப்பட்டதுமே இதற்குக் காரணம். படி அதிகமானால் ஜீனும் அதிகம் கிடைக்கும். ஆயினும், ஜீன் உண்டாக்கும் பொருள் பாக்டீரியாவுக்கே தீங்கு செய்யுமாயின், குறைந்த படியுடைய கடத்தியே தக்கது.

இரண்டாம் இலக்கணம்: ஒரே ஓர் வெட்டிடம்

டி.என்.ஏ.வை வெட்டுவதற்குக் கத்தரி போன்ற நொதிகள் பாக்டீரியாக்களிலேயே உள்ளன. இவற்றின் ஆராய்ச்சிக்காக ஆர்பர், நேத்தன்ஸ், ஸ்மித் ஆகிய மூவர்க்கு 1978இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. ஒவ்வொரு நொதியும் தனக்குரிய எழுத்து வரிசையைக் கண்டால் மட்டுமே வெட்டும். ஈகோ ஆர்-1 என்ற நொதி ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற வரிசையைத் தேடிப் பிடித்து, ஜி-க்கும் ஏ-க்கும் இடையே வெட்டுகிறது. இரு புரிகளிலும் வெட்டு நேர்நேராக விழாமல் முன்பின்னாக விழுவதால், நான்கு எழுத்து நீளமுள்ள நுனி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதே நொதியால் வெட்டப்பட்ட வேறு எந்த டி.என்.ஏ.வின் நுனியும் இதனோடு பொருந்தி ஒட்டும். பின்னர் லைகேஸ் என்ற நொதி அவ்விணைப்பை நிலைபெறச் செய்யும். தறியில் தீர்ந்த பாவின் நுனிகளோடு புதுப் பாவின் நுனிகளைச் சேர்த்து முறுக்கும் நெசவாளருக்கு இது எளிதில் விளங்கும்.

கடத்தியில் ஒரு நொதிக்குரிய வெட்டிடம் ஒன்றே ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பது முக்கியமான விதி. ஓரிடத்தில் வெட்டினால் வளையம் திறந்து நேர் இழையாகும்; அந்நிய ஜீனைச் செருகி மீண்டும் மூடலாம். நான்கைந்து இடங்களில் வெட்டினாலோ வளையம் துண்டு துண்டாகச் சிதறிப் போகும். பி.பி.ஆர்.322இல் ஈகோ ஆர்-1, ஹிண்ட்-3, பாம் எச்-1, ஸால்-1, பி.எஸ்.டி.-1 ஆகிய நொதிகளுக்கு ஒவ்வோர் இடமே உண்டு. பி.யு.சி. வகையில் பல நொதிகளுக்குரிய வெட்டிடங்களை ஒரு சிறு பகுதியிலேயே அடுத்தடுத்து அமைத்து வைத்தனர். ஆராய்ச்சியாளர் தமக்கு வசதியான நொதியைத் தேர்ந்து கொள்ளலாம்.

மூன்றாம் இலக்கணம்: தெரிவு செய்ய உதவும் அடையாளம்

கால்சியம் உப்புக் கரைசலில் குளிர வைத்த பாக்டீரியாக்களைச் சிறிது நேரம் 42 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் வைத்தால், அவற்றுள் சில பிளாஸ்மிட்டை உள்வாங்கிக் கொள்ளும். எனினும் உள்வாங்குபவை மிகச் சிலவே. கோடிக் கணக்கானவற்றுள் அச்சிலவற்றைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்?

இதற்காகவே கடத்தியில் அடையாள ஜீன் வைக்கப்படுகிறது. பி.பி.ஆர்.322இல் இத்தகைய ஜீன்கள் இரண்டு: ஒன்று ஆம்பிசிலின் என்ற மருந்தை எதிர்க்கும், மற்றொன்று டெட்ராசைக்ளின் என்ற மருந்தை எதிர்க்கும். ஆம்பிசிலின் கலந்த உணவுத் தட்டில் பாக்டீரியாக்களைப் பரப்பினால், பிளாஸ்மிட் பெறாதவை மடியும். பெற்றவை மட்டும் வளர்ந்து புள்ளி புள்ளியாகக் குடியிருப்புக்கள் அமைக்கும்.

ஆயினும் வேலை அத்துடன் முடியவில்லை. வளர்ந்தவற்றுள் சில, ஜீன் செருகப்படாமல் தானே மூடிக்கொண்ட வெற்று வளையத்தைப் பெற்றவையாக இருக்கும். வண்டி வந்து சேர்ந்தது. சரக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும். இங்கேதான் இரண்டாவது அடையாளம் உதவுகிறது. பாம் எச்-1 நொதியின் வெட்டிடம் டெட்ராசைக்ளின் எதிர்ப்பு ஜீனின் உள்ளேயே இருக்கிறது. அவ்விடத்தில் அந்நிய ஜீனைச் செருகினால், டெட்ராசைக்ளின் எதிர்ப்பு ஜீன் இரண்டாகப் பிளந்து செயலற்றுப் போகும். ஆகவே நாம் தேடும் பாக்டீரியா ஆம்பிசிலினில் வாழும், டெட்ராசைக்ளினில் மடியும். வெற்று வளையம் பெற்றதோ இரண்டிலும் வாழும்.

வெல்வெட் துணி செய்த உதவி

டெட்ராசைக்ளினில் மடியும் பாக்டீரியாவே நமக்கு வேண்டும் என்றால், மடிந்ததை எவ்வாறு மீட்பது? இதற்கு வழி கண்டவர்கள் எஸ்தர் லெடர்பெர்க், ஜோஷுவா லெடர்பெர்க் என்ற தம்பதியர். 1952இல் அவர்கள் வெளியிட்ட முறைக்குக் கருவியாக அமைந்தது ஒரு வெல்வெட் துணி என்பதை நெசவாளர் அறிந்து மகிழலாம்.

வெல்வெட்டின் முகப்பில் எண்ணற்ற நுண்ணிழைகள் நிமிர்ந்து நிற்கின்றன. சுத்தம் செய்யப்பட்ட அத்துணியை ஒரு கட்டையின் மீது விரித்துக் கட்டி, பாக்டீரியாப் புள்ளிகள் வளர்ந்த தட்டை அதன்மேல் மெல்ல அழுத்துவர். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் சில பாக்டீரியாக்கள் இழைகளில் ஒட்டிக்கொள்ளும். பின் அதே துணியின் மேல் டெட்ராசைக்ளின் கலந்த புதுத் தட்டை அழுத்துவர். முதல் தட்டில் எந்தப் புள்ளி எங்கே இருந்ததோ, அதே இடத்தில் இரண்டாம் தட்டிலும் அது பதியும். சேலையில் அச்சுக் கட்டை பதிப்பது போன்ற வேலை இது. மறுநாள் இரு தட்டுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, முதல் தட்டில் இருந்து இரண்டாவதில் காணாமற் போன புள்ளிகளைக் குறித்துக்கொள்வர். அந்நிய ஜீன் பெற்றவையாக எதிர்பார்க்கப்படுபவை அவையே. முதல் தட்டில் அவை உயிரோடு இருப்பதால் எடுத்து வளர்க்கலாம்.

பி.யு.சி. வகையில் இவ்வேலை மேலும் எளிதாயிற்று. நிறமற்ற ஒரு பொருளை நீலமாக்கும் நொதியின் ஒரு பகுதிக்குரிய ஜீன் அக்கடத்தியில் உண்டு. வெற்று வளையம் பெற்ற பாக்டீரியாக்கள் நீலப் புள்ளிகளாகத் தோன்றும். அந்நிய ஜீன் செருகப்பட்டால் நொதி குலைந்து, புள்ளி வெள்ளையாகவே நிற்கும். அந்த நீலம், அவுரிச் செடியிலிருந்து சாயத் தொட்டிக்கு வரும் நீலத்தின் இரசாயன உறவுப் பொருளே. நெசவாளருக்குச் சாயமாய் வந்த நீலம், ஆய்வுக்கூடத்தில் வெற்று வண்டியைக் காட்டிக் கொடுக்கும் சாட்சியாயிற்று.

நான்காம் இலக்கணம்: சிறுமையும் அடக்கமும்

கடத்தி சிறியதாக இருத்தல் நன்று. சிறு வளையம் பாக்டீரியாவுக்குள் எளிதில் புகும்; கையாளுகையில் முறியாது; வெட்டிடங்களும் குறைவாக இருக்கும். வண்டியின் சொந்த எடை குறைந்தால் சரக்குக்கு இடம் கிடைக்கும். பி.யு.சி.19 என்பதன் நீளம் 2,686 ஜோடிகளே. இத்தகைய பிளாஸ்மிட்டில் சுமார் பத்தாயிரம் ஜோடி நீளம் வரையுள்ள ஜீன் துண்டை வசதியாக ஏற்றலாம். அதற்கு மேற்பட்ட நீளத்துக்கு வேறு வகைக் கடத்திகள் உண்டு.

அடக்கம் என்பது பாதுகாப்பைப் பற்றியது. இயற்கையில் சில பிளாஸ்மிட்டுக்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாமே தாவும். மருந்துகளை எதிர்க்கும் குணம் நோய்க் கிருமிகளிடையே பரவுவதற்கு இது ஒரு பெருங்காரணம். ஆகவே, தாவுவதற்குரிய ஜீன்கள் நீக்கப்பட்ட பிளாஸ்மிட்டே ஆய்வுக்கூடத்திற்கு ஏற்றது. பி.பி.ஆர்.322 தானாகத் தாவ இயலாதது. இத்தகைய ஆபத்துக்களை முன்கூட்டியே ஆராய்வதற்காக 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அஸிலோமார் என்ற இடத்தில் விஞ்ஞானிகள் கூடிக் கட்டுப்பாடுகளை வகுத்தனர். தாம் செய்யும் ஆராய்ச்சிக்குத் தாமே வேலி அமைத்துக் கொண்டது பாராட்டத்தக்கது.

ஐந்தாம் இலக்கணம்: ஜீனைச் செயற்படுத்தும் உறுப்புக்கள்

ஜீனைப் பெருக்குவது மட்டும் நோக்கமாயின் மேற்கூறியவை போதும். அந்த ஜீனைக் கொண்டு ஒரு புரதத்தை உண்டாக்க வேண்டுமாயின், கடத்தியில் மேலும் சில உறுப்புக்கள் தேவை. 'இங்கிருந்து வாசிக்கத் தொடங்கு' என்று கூறும் பகுதி ஜீனுக்கு முன்னும், 'இங்கே நிறுத்து' என்று கூறும் பகுதி பின்னும் இருக்க வேண்டும். அவை, ஜீன் குடியேறும் உயிருக்குப் புரியும் வகையினவாகவும் இருத்தல் வேண்டும். பாக்டீரியாவின் தொடக்கக் குறி பருத்திச் செடிக்குப் பெரும்பாலும் பயன்படாது.

1977இல் ஸோமட்டோஸ்டாட்டின் என்ற சிறு மனிதப் புரதமும், 1978இல் மனித இன்ஸுலினும் பிளாஸ்மிட்டுக்களின் துணையால் ஈ. கோலியில் தயாரிக்கப்பட்டன. அந்த இன்ஸுலினை மருந்தாக விற்க 1982இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் நீரிழிவு நோயாளிகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்த இன்ஸுலினையே நம்பியிருந்தனர்.

செடிக்குள் செல்லும் கடத்தி

இனிப் பருத்திக்கு வருவோம். மண்ணில் வாழும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா, காயம்பட்ட செடிகளின் அடித்தண்டில் கட்டிகளை உண்டாக்கும். இதற்குக் காரணம் அதனுள் இருக்கும் டி.ஐ. என்ற மிகப் பெரிய பிளாஸ்மிட் என்பதை 1974இல் பெல்ஜியத்தில் கெண்ட் நகரத்தைச் சேர்ந்த ஷெல், வான் மொண்டகு ஆகியோர் குழுவினர் கண்டனர். அப்பிளாஸ்மிட்டின் ஒரு பகுதி செடியின் டி.என்.ஏ.வில் சென்று சேர்ந்துவிடுகிறது என்பதை மேரி-டெல் சில்டன் என்ற அம்மையாரும் துணைவர்களும் 1977இல் நிரூபித்தனர். மனிதர் செய்ய முயன்றதை இயற்கை முன்னமே செய்துகொண்டிருந்தது.

ஆனால் டி.ஐ. பிளாஸ்மிட் சுமார் இரண்டு இலட்சம் ஜோடி நீளமுள்ளது. மேற்கூறிய சிறுமை என்ற இலக்கணம் அதற்கு இல்லை. அதனால் 1983இல் வேலையை இரண்டு பிளாஸ்மிட்டுக்களுக்குப் பங்கிட்டனர். ஒன்று, கட்டியை உண்டாக்கும் ஜீன்கள் நீக்கப்பட்டு, செடிக்குள் செலுத்தும் ஆற்றல் மட்டும் உடையது. மற்றொன்று, சரக்கு ஏற்றும் சிறு வளையம். இச்சிறு வளையம் ஈ. கோலியிலும் அக்ரோபாக்டீரியத்திலும் பெருகத்தக்கது. சரக்கின் இரு பக்கத்திலும் 25 ஜோடி நீளமுள்ள எல்லைக் குறிகள் இருக்கும். வரப்புக்களுக்கு இடைப்பட்ட நிலம் போல, அவ்வெல்லைகளுக்கு இடைப்பட்டதே செடிக்குள் செல்வதற்கு உரியது.

இந்தியாவிலும் முதலில் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தியில், பாஸில்லஸ் துரிஞ்சியென்ஸிஸ் என்ற பாக்டீரியாவின் கிரை 1ஏசி என்ற ஜீன் அக்ரோபாக்டீரியத்தின் மூலமே புகுத்தப்பட்டது. ஜீன் பெற்ற செல்களைத் தெரிந்தெடுக்கக் கனாமைசின் என்ற மருந்தை எதிர்க்கும் அடையாள ஜீனும் உடன் சென்றது. மருத்துவத்திற்கு ஊறு செய்யக்கூடிய மருந்தெதிர்ப்பு அடையாள ஜீன்களைப் படிப்படியாக விலக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் விதி செய்தது. அடையாள ஜீன் என்ன செய்கிறது என்று அறிந்தவர்களுக்கே இத்தகைய விதியின் பொருள் விளங்கும்.

அங்கத்தினர் அறிந்துகொள்ள வேண்டியவை

கடத்தி தான் சுமந்த ஜீனையே செடிக்குத் தருகிறது. அந்த ஜீன் தனக்குரிய ஒரு வேலையையே செய்கிறது. பி.டி. ஜீன் சில வகைக் காய்ப்புழுக்களின் குடலைத் தாக்கும் புரதத்தை உண்டாக்கும். அசுவினி, தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, இலைப்பேன் போன்ற சாறு உறிஞ்சிகளை அது தடுக்காது. வறட்சியையும் தாங்காது, எருவின் தேவையையும் குறைக்காது. ஒரே விதை எல்லாப் பூச்சிக்கும் மருந்து என்று ஒருவர் கூறுவாராயின், 'எந்த ஜீன் எந்தப் பூச்சிக்கு?' என்று கேட்பது நமது உரிமையும் கடமையும் ஆகும்.

அடுத்து, மருந்துத் தட்டில் நாம் கண்ட நியதி வயலிலும் நடக்கிறது. ஆம்பிசிலின் தட்டில் எதிர்ப்புடைய பாக்டீரியா மட்டும் பிழைத்துப் பெருகியது அல்லவா? அவ்வாறே வயல் முழுவதும் பி.டி. செடியாக இருந்தால், அதனை எதிர்க்க வல்ல புழு மட்டும் பிழைத்துப் பெருகும். இதனைத் தாமதப்படுத்தவே, வயலைச் சுற்றி ஐந்து வரிசை அல்லது நிலத்தில் 20 விழுக்காடு, இவற்றுள் எது அதிகமோ அந்த அளவுக்கு, பி.டி. அல்லாத பருத்தியை விதைக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு அனுமதியில் நிபந்தனை விதிக்கப்பட்டது. அதற்கென 120 கிராம் விதை தனிப் பொட்டலமாக உடன் அளிக்கப்பட்டது. அங்கே எதிர்ப்பில்லாத புழுக்கள் வளர்ந்து, எதிர்ப்புடையவற்றோடு கலந்து, எதிர்ப்புக் குணம் விரைவில் ஓங்காமல் தடுக்கும் என்பது கருத்து. பலர் அவ்விதையை வீண் என்று எண்ணி விதைக்காமலே விட்டனர். 2010இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் வகைப் பி.டி. பருத்தியை எதிர்த்துப் பிழைப்பது அறிவிக்கப்பட்டது. 2006இல் அனுமதி பெற்ற, இரண்டு ஜீன்கள் கொண்ட வகையையும் அப்புழு பின்னர் எதிர்த்துப் பிழைத்தது.

இவ்வரிசைகளை ஒருவர் மட்டும் விதைத்துப் பயனில்லை. புழுவின் அந்துப்பூச்சி வரப்பைப் பார்த்துப் பறப்பதில்லை. ஓர் ஊரார் ஒன்றுகூடி ஒரே முடிவாக நடந்தால்தான் பயன் உண்டு. தனித்தனியே செய்தால் தோற்பதும், கூடிச் செய்தால் வெல்வதும் ஆகிய காரியங்களுக்காகவே கூட்டுறவு தோன்றியது. ஆதலின் விதைப்புக்கு முன் சங்கக் கூட்டத்தில் இதனைப் பொருளாக வைத்து ஆலோசிப்பது தகும். பொட்டலத்தின் மேலுள்ள விவரங்களைப் படித்தல், ரசீதைப் பத்திரப்படுத்துதல், பி.டி. அல்லாத விதையைத் தவறாமல் விதைத்தல், பருவம் முடிந்ததும் பருத்திக் கட்டைகளை வயலிலிருந்து அகற்றுதல் ஆகிய நான்கையும் ஊர் முழுவதும் ஒருசேரக் கைக்கொள்ள வேண்டும்.

ஜீனைச் சுமக்கும் வளையம் கண்ணுக்குப் புலனாகாத அளவு சிறியது. ஆயினும் அதன் விளைவு நமது வயலிலும் தறியிலும் வந்து நிற்கிறது. அதனை அறிந்து ஆள்வோமாக.

படிப்பு வட்டத்தில் கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

1. பெருக்கத் தொடக்க இடம் இல்லாத டி.என்.ஏ. துண்டு பாக்டீரியாவுக்குள் ஏன் நிலைப்பதில்லை?

2. கடத்தியில் ஒரு நொதிக்கு ஒரே வெட்டிடம் இருத்தல் ஏன் அவசியம்?

3. பி.பி.ஆர்.322இல் இரண்டு அடையாள ஜீன்கள் இருப்பதன் பயன் யாது? வெல்வெட் துணி அதில் எவ்வாறு உதவுகிறது?

4. மருந்துத் தட்டில் நடப்பதற்கும் பி.டி. வயலில் நடப்பதற்கும் உள்ள ஒற்றுமை யாது?

5. பி.டி. அல்லாத பருத்தி வரிசைகளை நமது ஊரில் அனைவரும் விதைக்கச் செய்ய, சங்கம் மேற்கொள்ளக்கூடிய வழிகள் யாவை?